மஞ்சள் பொத்தானில் வெள்ளை எழுத்து

மதுரையில் விளக்குத்தூண் பக்கத்தில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலை விற்றுவரும் ஒரு கடைக்கு இணையதளம் செய்துகொடுக்கும் வேலை சென்ற ஆண்டு எனக்கு வந்தது. முதல் வரைவைக் காட்டிய அன்றே கடைக்காரர் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். "தம்பி, வாங்குற பட்டன் மட்டும் மஞ்சளா இருக்கட்டும். நம்ம கடை போர்டு மாதிரி மஞ்சள்ல வெள்ளை எழுத்து. மங்களகரமா இருக்கும்." பலகையைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். எழுத்துகளைச் சுற்றி ஓவியர் கறுப்பில் ஒரு கோடு இழுத்திருந்தார். அந்தக் கோட்டினால்தான் கடையின் பெயரையே படிக்க முடிகிறது என்பதைக் கடைக்காரர் கவனித்ததில்லை. அந்த ஒரு பொத்தானுக்காக நான் செலவழித்த மூன்று வாரங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் விரும்பிய மஞ்சள், கணினிக் கணக்கில் சிவப்பு 244, பச்சை 196, நீலம் 48 என்று வரும் மாம்பழ மஞ்சள். அதன்மேல் வெள்ளை எழுத்தை வைத்தால், எழுத்தும் தளமும் ஒளியில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் ஒளி மாறுபாட்டு விகிதம் 1.64 தான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி தளங்கள் இருக்க வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூ.சி.ஏ.ஜி., சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும். மிகக் குறைந்த அளவு 1, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான உச்ச அளவு 21.

இந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதன்மேல் எனக்கு மதிப்பு வந்தது. குறையற்ற பார்வை உடையவருக்கு 3 போதும் என்ற பழைய தர அளவை எடுத்துக்கொண்டு, நம் ஊர்க் கண் மருத்துவர்கள் சீட்டில் 6/12 என்று எழுதும் அளவுக்குப் பார்வை குறைந்தவர் இழக்கும் நுண்ணுணர்வை ஈடுகட்ட அதை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறார்கள். 80 வயதை ஒட்டிய முதியவர்களிடம் இயல்பாகக் காணப்படும் பார்வை அது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் வாழ்கிறவனுக்குக் கண்புரை என்பது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அன்று. என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள், "சமையற்கட்டுச் சுவருக்கு எப்போது வெள்ளை அடித்தாய்?" என்று என்னைக் கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. புரை விழுந்த கண்வில்லை பழுத்து மஞ்சளாகி, நீல ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்வதால், அத்தனை நாளும் அவர்களுக்கு வெள்ளையும் இளமஞ்சளும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. அப்படிப்பட்ட கண்ணுக்கு மஞ்சள் பொத்தானில் வெள்ளை எழுத்து என்பது எழுதப்படாத பொத்தான்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். எனவே கணக்கை விட்டுவிட்டுக் கடையிலேயே இருந்த இரண்டு சேலைகளை எடுத்துவரச் சொன்னேன். இரண்டிலும் வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் தளம் அரக்கு, மற்றதன் தளம் இளமஞ்சள். சுங்குடியில் துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் நிற்பதே அந்தப் புள்ளி. இப்போது பெரும்பாலும் மெழுகு அச்சுதான் என்றாலும் அடிப்படை மாறவில்லை. இரண்டையும் கடைக்குள் மாட்டிவிட்டு அவரை வாசற்படியில் நிற்கச் சொன்னேன். அரக்குச் சேலையின் புள்ளிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. மஞ்சள் சேலை வெறும் மஞ்சளாகத் தொங்கியது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி, மஞ்சள் இருக்கட்டும், எழுத்தை அரக்குல போடு" என்றார். அரக்கு என்று அவர் சொன்ன நிறம் கணினியில் #800000. மாம்பழ மஞ்சளுக்கு மேல் அதன் விகிதம் 6.67. சேலைக்காரர்களிடம் நிறங்களுக்கு இருக்கும் பெயர்களைக் கேட்டால், அரக்கு, கிளிப்பச்சை, மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைவூட்டும் எம்.எஸ். நீலம் என்று, ஒவ்வொன்றும் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிற துல்லியம் உடையதாக இருக்கிறது. எங்கள் தொழிலில் 'பிரைமரி 500' என்று பெயர் வைக்கிறோம்.

இந்த விகிதக் கணக்கில் ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நிறத்தேர்வுப் பெட்டியில் காட்டப்படும் 'லைட்னஸ்' (வெளிர்மை) எண்ணை நம்பி, 50 சதவீதத்தில் எல்லா நிறத்துக்கும் வெள்ளை எழுத்து சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கலப்பற்ற நீலத்துக்கும் கலப்பற்ற மஞ்சளுக்கும் அந்த எண் 50 தான். ஆனால் நீலத்தின்மேல் வெள்ளையின் விகிதம் 8.59, மஞ்சளின்மேல் 1.07. மனிதக் கண் பச்சைக்குக் கூர்மையானது, நீலத்துக்கு மந்தமானது என்பதால், ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை கொடுத்திருக்கிறார்கள். பச்சையும் சிவப்பும் சேர்ந்தது மஞ்சள் என்பதால், அது ஏறத்தாழ வெள்ளையின் பளபளப்போடு நிற்கிறது.

இவ்வளவும் அசையாமல் நிற்கும் பொத்தானுக்குத்தான். பொத்தான் என்பது ஒரு நிறமன்று என்பதை நான் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். சும்மா இருக்கும்போது, சுட்டி மேலே வந்து நிற்கும் ஹோவர் நிலையில், விசைப்பலகையால் அடையப்படும் ஃபோகஸ் நிலையில், அழுத்தும் கணத்தில், அழுத்திய பின் காத்திருக்கும்போது, முடக்கப்பட்டிருக்கும்போது என ஆறு முகங்களாவது அதற்கு உண்டு. ஒவ்வொரு முகத்திலும் எழுத்துக்கும் தளத்துக்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும். அத்தோடு, ஒரு முகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியது பார்ப்பவருக்குத் தெரிகிறதா என்பதையும் அளக்க வேண்டும். ஹோவர் நிலைக்கு நெறிமுறை இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. சும்மா இருக்கும் பொத்தான் ஹோவர் நிலைக்குப் போகும்போது நிற மாற்றம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது எந்த அளவையும் விதிக்கவில்லை. ஒரு பக்கத்தை விதிப்படி நூற்றுக்கு நூறு தேற வைத்துவிட்டு, சுட்டி வந்ததா போனதா என்றே தெரியாத பொத்தான்களை அதில் அடுக்கிவைக்க முடியும். நான் செய்தேன்.

மஞ்சள் முடிவாவதற்கு முன்பு, அரக்கையே தளமாகவும் வெள்ளையை எழுத்தாகவும் கொண்டது என் முதல் முயற்சி. விகிதம் 10.95, ஐயமின்றித் தேறியது. ஹோவர் நிலைக்கு எல்லாரும் செய்வதுபோல் ஒரு படி கருமையாக்கி #600000 வைத்தேன். எழுத்தின் விகிதம் 14 ஆக உயர்ந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் இரண்டு தளங்களுக்கும் இடையே உள்ள விகிதம் வெறும் 1.28. என் மேசையில் இருந்த நல்ல திரையில் அந்த வேறுபாடு தெரிந்தது. கடையின் கல்லாவில் இருந்த பழைய திரையில் தெரியவேயில்லை. ஏற்கெனவே கருமையான நிறத்தை மேலும் கருமையாக்குவது அமாவாசை இரவில் குடையை விரிப்பதுபோல.

பின்னர் மஞ்சள் தளமும் அரக்கு எழுத்தும் முடிவானபோது, ஹோவர் நிலையில் இரண்டையும் இடம் மாற்றினேன்: தளம் அரக்கு, எழுத்து மஞ்சள். எழுத்தின் விகிதம் அதே 6.67 ஆக நிற்கிறது. தளம் மாறியதன் விகிதமும் 6.67. உடலில் ஒரு நிறமும் முந்தியில் மறுநிறமுமாக வரும் சேலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகவும் படவில்லை. மஞ்சள் தளம் வெள்ளைப் பக்கத்தோடு கலந்துபோவதால் அரக்கில் ஒரு விளிம்பும் கொடுத்தேன். எழுத்து தெளிவாக இருந்தால் விளிம்பு கட்டாயமில்லை என்பதே நெறிமுறையின் விளக்கம். எனினும் எங்கே தொட வேண்டும் என்பதைக் காட்ட எல்லை ஒன்று இருக்கட்டும் என்பது என் கருத்து.

இந்தத் தலைகீழ் மாற்றம் கைப்பேசியில் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. தொடுதிரையில் சுட்டி கிடையாது. ஆனாலும் விரலால் தொட்டு எடுத்த பின்பு ஹோவர் நிலை சில உலாவிகளில் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் தற்செயலாக ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டு, அது அரக்காகவே நிற்பதைக் கண்டு, சேலை கூடையில் ஏறிவிட்டது என்று எண்ணிக்கொண்டார். ஹோவர் வசதி உள்ள சாதனங்களுக்கு மட்டும் அந்த விதி பொருந்தும்படி, பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் சாதனத்தின் வசதியைக் கேட்டறியும் ஊடக வினவலுக்குள் அடைத்த பிறகு அது நின்றது. இதை முதலிலேயே செய்யாதது என் பிழை.

ஃபோகஸ் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பல தமிழ்நாட்டுத் தளங்களில் அது அழிக்கப்பட்டிருக்கிறது. உலாவி தானாகப் போடும் கோட்டை 'அழகில்லை' என்று ஒரே வரியில் நீக்கிவிடுகிறார்கள். கை நடுக்கம் உள்ளவர், சுட்டியைப் பிடிக்க இயலாதவர், விசைப்பலகையில் வேகமாக வேலை செய்யும் கணக்கர் ஆகியோருக்கு, தாம் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதைச் சொல்ல மிச்சமிருந்த ஒரே அடையாளம் அதுதான். சுட்டியால் அழுத்துபவருக்கும் கோடு வருகிறது என்பதே அதை அழித்தவர்களின் பழைய புகார். விதி எந்த நிலைக்குப் பொருந்தும் என்று சொல்லும் சி.எஸ்.எஸ். தேர்விகளில் 'ஃபோகஸ்-விசிபிள்' என்பது வந்த பிறகு அந்தப் புகாருக்கு இடமில்லை: பொத்தானைச் சுட்டியால் அழுத்தினால் கோடு வராது, டேப் விசையால் அடைந்தால் வரும். 2022 மார்ச்சில் வெளிவந்த சஃபாரி 15.4-உம் ஏற்றுக்கொண்டதோடு முதன்மையான உலாவிகள் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது.

கோட்டின் நிறம் எது என்பதில் நான் இரண்டு முறை தவறினேன். முதலில் மஞ்சள், வெள்ளைப் பக்கத்தில் அது காணாமற்போனது. அடுத்து கறுப்பு; வெள்ளைப் பக்கத்தில் அருமையாக இருந்தது, ஆனால் அரக்கு நிறத் தலைப்புப் பட்டைக்குள் இருந்த பொத்தான்களில் அதன் விகிதம் 1.92 ஆகச் சரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாற்றுவதற்குப் பதிலாக, பொத்தானை ஒட்டி இரண்டு பிக்சல் வெள்ளை, அதற்கு வெளியே மூன்று பிக்சல் கறுப்பு என்று இரட்டை வளையம் போட்டேன். வெள்ளைத் தளத்தில் கறுப்பு வளையம் தெரியும். அரக்குத் தளத்தில் வெள்ளை வளையம் தெரியும். பிரிட்டன் அரசின் தளங்களில் மஞ்சளையும் தடித்த கறுப்புக் கோட்டையும் இணைத்துப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வளையத்தை நிழல் விளைவால் வரைந்திருந்தேன். விண்டோஸின் உயர் மாறுபாட்டு முறையை இயக்கிப் பார்த்தபோது வளையம் மறைந்துவிட்டது, ஏனெனில் அந்த முறையில் நிழல்கள் நீக்கப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளிபுகு நிறத்தில் உண்மையான அவுட்லைன் (புறக்கோடு) ஒன்றையும் கூடவே வைத்துவிட்டால், அந்த முறையில் அதற்கு இயந்திரமே நிறம் கொடுத்துவிடுகிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 இன்னொன்றையும் கேட்கிறது: ஃபோகஸ் பெற்ற பொருளைப் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டை முழுவதுமாக மறைத்துவிடக் கூடாது. எங்கள் வாட்ஸ்அப் பட்டை அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

முடக்கப்பட்ட பொத்தானுக்கு விகித விதியிலிருந்து விலக்கு உண்டு. இந்த விலக்கை நான் ஏற்பதில்லை. முகவரிப் படிவத்தை நிரப்பி முடிக்கும்வரை 'ஆர்டர் செய்' பொத்தானை மங்கலான சாம்பலில் வைத்திருந்தோம். அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போன ஒரு வாடிக்கையாளர், பொத்தான் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வேறு கடையைப் பார்த்தார். எழுத்து மங்கல், அழுத்தினால் மௌனம். அவர் என்னதான் செய்வார்? இப்போது அந்தப் பொத்தான் எப்போதும் உயிரோடு இருக்கிறது. குறை இருந்தால், அழுத்தியவுடன் எந்தக் கட்டத்தில் குறை என்று சொல்லி அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆர்டர் போய்க்கொண்டிருக்கும் சில நொடிகளிலும் பொத்தானை முற்றாக முடக்குவதில்லை, ஏனெனில் முடக்கிய கணமே விசைப்பலகையில் இருப்பவர் தம் இடத்தை இழக்கிறார். பொத்தான் இப்போது இயங்காது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் 'ஏரியா-டிசேபிள்டு' குறிப்பை மட்டும் இட்டு, எழுத்தை 'அனுப்புகிறோம்' என்று மாற்றி, இரண்டாவது அழுத்தத்தை நிரலில் தடுத்துவிடுகிறேன்.

தமிழ் எழுத்துக்கு என்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. மெல்லிய எழுத்துருவில் புள்ளி முதலில் மறைகிறது, ண் என்பது ண ஆகிவிடுகிறது. தடித்த எழுத்துருவிலோ அதே ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. நடுத்தரத் தடிப்பும் 18 பிக்சலும் எனக்குச் சரிப்பட்டன. 'சமர்ப்பிக்கவும்' என்பதைவிட 'அனுப்பு' எல்லா வகையிலும் நல்லது.

வாங்குபவர்களுக்கான பக்கத்தில் இத்தனை கவனம் எடுத்த நான், கடைக்காரர்கள் மட்டும் பார்க்கும் ஆர்டர் பட்டியலில் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். ஒவ்வொரு ஆர்டருக்கு எதிரிலும் ஒரு வட்டப் பொத்தான்: பார்சல் போகவில்லை என்றால் சிவப்பு, அழுத்தினால் பச்சை. முதல் வாரத்திலேயே ஒரே வீட்டுக்கு இரண்டு பார்சல்கள் போயின. கடையின் கணக்குப்பிள்ளை முப்பது ஆண்டுகளாக அங்கே வேலை செய்பவர். தமக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். கிளிப்பச்சையையும் செங்கல் நிறத்தையும் அடுக்கின் இடத்தை வைத்தே அவர் இத்தனை ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பது முதலாளிக்கே புதிய செய்தி. இக்குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இது ஆண்களிடமே மிகுதி. வடஐரோப்பிய வழியினரில் ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் என்பார்கள்.

நான் வைத்திருந்த கலப்பற்ற சிவப்புக்கும் #008000 என்ற பச்சைக்கும் இடையே, நிறத்தை நீக்கி ஒளிர்வை மட்டும் கணக்கிட்டால், விகிதம் 1.28. அரக்கை மேலும் கருமையாக்கி நான் ஏமாந்த அதே எண். நிறம் மட்டுமே செய்தி சொல்லக் கூடாது என்ற விதி 2008-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0-இலேயே இருக்கிறது, அதைப் பல கூட்டங்களில் பேசியவன் நான். இப்போது அந்தப் பொத்தானில் 'அனுப்பவில்லை' என்ற சொல் வெற்றுக் கட்டத்துக்குள்ளும், 'அனுப்பியாயிற்று' என்ற சொல் நிரப்பிய கட்டத்தில் சரிக்குறியோடும் வருகின்றன. நிறங்களும் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை அவற்றைப் பார்ப்பதில்லை.

எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்த ஒரு சித்திரை மாதப் பகலில், வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கணக்குப்பிள்ளையின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். விகிதக் கணக்கில் இரண்டு ஒளிர்வுகளோடும் 0.05 ஒன்றைக் கூட்டுவார்கள். திரையின்மேல் பட்டுத் தெறிக்கும் அறை வெளிச்சத்துக்கான ஈடு அது. நண்பகல் மாசி வீதியின் வெளிச்சம் எந்த அறைக்குள்ளும் அடங்காது. அந்த 0.05-க்குப் பதில் 0.3 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், என் 6.67 வெறும் 2.57 ஆகிவிடுகிறது. மின்கலம் குறைந்து மங்கலாக்கப்பட்டிருந்த அந்தத் திரையில் 'கூடையில் சேர்' தட்டுத் தடுமாறியாவது படிக்கும்படி இருந்தது. அதன் அருகில் இருந்த இதயக் குறிப் பொத்தான் இருந்த இடமே தெரியவில்லை. குறியையும் விளிம்பையும் #949494 சாம்பலில் ஒரு பிக்சல் கோடாக வரைந்திருந்தேன்; வெள்ளையோடு 3.03, விதிப்படி தேறுகிற எண். கைப்பேசியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிழல் தேடிக் கடைக்குள் வந்து, கோட்டை #767676 ஆக்கி, இரண்டு பிக்சலாகத் தடிக்க வைத்து, மறுபடி வெளியே போனேன். இந்த முறை தெரிந்தது; கணக்குப்பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, வெற்றிலையா?" என்று கேட்டார். அன்று மாலை குறியை எடுத்துவிட்டு 'பிடித்தது' என்று எழுதினேன்.